நான்கு தாளிலும் மூன்று

நான்கு தாள்களிலும் எண்ணெய்க் கறை இருந்தது. மூன்று வாரமாக அவை பொறியாளர் லியாவ் பி-யுன்னின் மேசையில்தான் கிடக்கின்றன. கறையை அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள்.

சோதனை விமானிகள் நால்வர், ஆளுக்கொரு தாள். புதிய விமானத்தைத் தரையிறக்குவது எவ்வளவு சிரமம் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைப் போட வேண்டும். ஒன்று என்றால் சிரமமே இல்லை. பத்து என்றால் விமானம் கைவிட்டுப் போய்விட்டது. நான்கு தாளிலும் மூன்று. கொஞ்சம் கவனம் தேவை, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள். இந்த மூன்றுகளுக்குக் கீழே அவள் தன் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அழுத்திவிட்டால், வியாழக்கிழமை காலை விமானம் நிஜமாகவே பறக்கும். ஓட்டப்போகிறவன் பெங் ஷாவ்-ஷெங். நால்வரில் இளையவன், முப்பத்திரண்டு வயது.

இன்று செவ்வாய்.

ஜன்னலுக்கு வெளியே, தாது என்று பெயர்கொண்ட மேட்டுநிலத்தின் புல்லெல்லாம் ஒரே பக்கம் படுத்திருந்தது. வடகிழக்குக் காற்று நவம்பரில் பிடித்தால் பிப்ரவரி வரை விடாது. பி-யுன் இந்த அறைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. காற்றின் சத்தம் காதில் விழுவது நின்று இருபது வருடமாவது இருக்கும்.

கோப்போடு இணைப்பதற்காக நால்வரின் கைப்பதிவுகளையும் அச்செடுத்திருந்தாள். பறக்காமல் தரையிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் பாவனைக் கூண்டுக்குள் உட்கார்ந்து விமானி ஓட்டும்போது, அவன் கைப்பிடியை எப்போது எவ்வளவு அசைத்தான் என்பதை இயந்திரம் நொடிக்கு நூறு முறை குறித்துக்கொள்ளும். மூன்று என்று எழுதியவனின் கோடு அமைதியான குளம்போல இருக்க வேண்டும். தலைமை விமானி யென் குவோ-வெய்யின் கோடு அப்படித்தான் இருந்தது. பெங்கின் கோடோ கடைசி ஐம்பது அடி உயரத்தில் ரம்பப் பல்லாகியிருந்தது. வாணலியில் தீய்ந்துகொண்டிருப்பதைக் கிளறுகிறவனின் கை.

இந்த ரம்பத்தை மூன்று வாரத்துக்கு முன்பே அவள் பார்த்திருக்கிறாள். அது அவள் விடுமுறையே இல்லாமல் வேலை பார்த்த பதினான்காவது நாள். இளம் கை, வேகமான கை, ஓட்டியவனே மூன்று என்கிறான், நமக்கென்ன என்று தாளைத் திருப்பிப் போட்டிருந்தாள். அது இப்போது நினைவுக்கு வந்தது. வந்ததும் போய்விடவில்லை.

கறை படிந்த தாள்களோடு பாவனைக் கூடத்துக்குப் போனாள். கூண்டை இயக்குகிற வெங், இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர், நாற்காலியில் சாய்ந்து பால் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"வெங் அண்ணே, இந்தத் தாளையெல்லாம் எங்க உக்காந்து எழுதுறாங்க?"

"சாப்பாட்டு மேசையிலதான்."

"கூண்டை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே எழுதணும்னு விதி இருக்கே?"

"விதி இருக்கு. பசியும் இருக்கே பி-யுன். காலையில நாலு பேரும் வரிசையா ஓட்டுவாங்க. பன்னெண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டி வந்துரும். பன்னிக்கறித் துண்டத்தைக் கடிச்சுக்கிட்டே எழுதுவாங்க. அன்னைக்குத் துண்டம் பெரிசு, எண்ணெயும் ஜாஸ்தி."

"யாரு முதல்ல எழுதுறது?"

வெங் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தார். "இது என்ன கேள்வி? யென் சீனியர்தான். அவர் எழுதிட்டு பேனாவை அடுத்தவனுக்குத் தள்ளுவார். பேனா ஒண்ணுதான்."

"அவர் எழுதினதை மத்தவங்க பாப்பாங்களா?"

"பாக்க மாட்டாங்களா? சீனியர் மூணு போட்ட இடத்துல ஜூனியர் ஏழு போட்டா என்ன அர்த்தம்? விமானம் சரியில்லைன்னா அர்த்தம்? எனக்கு ஓட்டத் தெரியலைன்னு அர்த்தம்." குழலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். "உனக்கு இது இருபத்தாறு வருஷமாத் தெரியாதாக்கும்."

தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் தெம்பில்லை.

இந்த விமானம் சிறகை முன்னால் வைத்து எய்த அம்பைப் போன்றது. தானாக விட்டால் அரை நொடிகூட நேராகப் போகாது, மூக்கைத் தூக்கிக்கொண்டு புரளும். அப்படித்தான் வேண்டுமென்று செய்திருக்கிறார்கள், வானத்தில் சட்டென்று திரும்புவதற்காக. அதை நேராக வைத்திருப்பது கணினி. நொடிக்கு எண்பது தடவை வாலை இப்படியும் அப்படியும் அசைத்து விழவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். விமானி கைப்பிடியை இழுப்பது ஒரு வேண்டுகோள்தான். கணினி தன் வேலைக்கு நடுவே அதையும் நிறைவேற்றி வைக்கும்.

உயரத்தில் வேகமாகப் போகும்போது தொல்லை இல்லை. வால் லேசாக அசைந்தாலே போதும். தரையிறங்கும்போது வேகம் குறைவு, அதனால் வால் நிறைய அசைய வேண்டும். வாலுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. அதற்கு மேல் அதால் முடியாது. விமானி பதறி இழுக்கிறான், வால் பின்தங்குகிறது. ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் இழுக்கிறான். கேட்டதெல்லாம் மொத்தமாக வந்து சேர்கிறது, மூக்கு எகிறுகிறது. உடனே தள்ளுகிறான். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இருவர் ஒருவருக்கொருவர் வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வதைப்போல. வால் இந்த ஆட்டத்தில் மாட்டியிருக்கும்போது கணினிக்குத் தன் வேலையைச் செய்ய வால் கிடைக்காது. பிறகு அம்பு அம்பின் குணத்தைக் காட்டும். கீழே ஐம்பது அடிதான் இருக்கும்.

வியாழக்கிழமைக்கு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. போர் வந்தால் நெடுஞ்சாலையில் இறங்க வேண்டியிருக்கும் என்று, ஓடுபாதையின்மேல் சாலை அகலத்துக்கு வெள்ளைக் கோடு போட்டு, சக்கரம் தொட வேண்டிய இடத்தைப் பெட்டியாக வரைந்திருந்தார்கள். நால்வரும் மூன்று எழுதிய அன்று பெட்டியின் நீளம் முந்நூறு மீட்டர். போன வாரம் மேலிடம் அதை நூற்றைம்பதாக்கியது. எல்லோரும் மூன்றுதானே போட்டிருக்கிறார்கள் என்று மறுபடி யாரையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

பெங்கைக் கூப்பிட்டு அனுப்பினாள். மியாவ்லி மலைப்பக்கத்துக்காரன், ஹக்கா இனத்தவன். கதவைத் தட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காரு. இந்தக் கோடு யாரோடதுன்னு சொல்லு பாப்போம்."

பார்த்தான். காது சிவந்தது. "என்னோடது."

"இதுக்கு மூணா?"

"மூணுதான் அக்கா."

"இப்படி ஆட்டினதுக்கு அப்புறமும் மூணா?"

"சீனியருக்கு மூணு வந்திருக்கு. அதே விமானம், அதே காத்து. எனக்குக் கூட வந்தா அது என் கையோட குறைதானே. அதை விமானத்துத் தலையில கட்டலாமா?"

"பெங், இது உனக்குப் போடுற மார்க் இல்ல. விமானத்துக்குப் போடுற மார்க்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." சிரித்தான். "பயிற்சிப் பள்ளியிலயும் அதான் சொன்னாங்க. ஏழு போட்டவனைத் திரும்ப எங்கேயும் பாக்கல."

"வியாழக்கிழமை ஓட்டப்போறது நீதான்டா."

"தெரியும் அக்கா. அதுக்குத்தான் தினமும் பழகுறேன். இன்னும் மெதுவாப் பிடிக்கப் பாக்குறேன்." தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கடைசி ஐம்பது அடியில மட்டும் கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அவன் போன பிறகும் அந்த வாக்கியம் அறையிலேயே இருந்தது. பி-யுன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். முத்திரையை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் இரண்டு நாள் தூங்கலாம். பிறகு வியாழக்கிழமை வரும்.

யென் குவோ-வெய் விமானிகளின் ஓய்வறையில் சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு வயது, சிறிய உருவம். அவர் கை ஒருபோதும் அவசரப்பட்டதில்லை. விதையைக்கூட ஒன்றொன்றாகத்தான் எடுப்பார். பி-யுன் கதவைச் சாத்திக்கொண்டு, வெங் சொன்னதையும் பெங்கின் கோட்டையும் சொன்னாள்.

"அப்ப என்னோட மூணு பொய்ங்கிற."

"உங்க மூணு உண்மை. அதை மத்த மூணு பேரும் எடுத்துக்கிட்டாங்க. அதான் சிக்கல்."

"நான் யாரையும் பாத்து எழுதச் சொல்லல, இன்ஜினியர் அம்மா."

"நீங்க சொல்ல வேண்டியதில்லையே."

யென் விதைத் தோலைக் கிண்ணத்தில் துப்பினார். முகம் இறுகியிருந்தது. "அந்தப் பையன் ஏதாவது சொன்னானா?" என்றார்.

"மூணுன்னுதான் சொல்றான். சாகுற வரைக்கும் மூணுன்னுதான் சொல்லுவான்."

யென் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சரி, வா. ஓட்டியே பாத்துரலாம்."

வெங் வியாழக்கிழமைக்கான எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றினார். குறுகிய கோடு, நூற்றைம்பது மீட்டர்ப் பெட்டி, பக்கவாட்டுக் காற்று, நடுநடுவே ஒரு வீச்சு. முதலில் யென் உட்கார்ந்தார். காற்று மூக்கைத் தள்ளியது. அவர் அதைத் தள்ளவிட்டு, திரும்பி வரும்வரை காத்திருந்தார். திரையில் ஓடுபாதை மெதுவாக எழுந்து வந்து சக்கரத்தைத் தொட்டது. பெட்டியைத் தாண்டி நாற்பது மீட்டர்.

"பெட்டிக்கு வெளிய போயிருச்சே சீனியர்," என்றார் வெங்.

"ஓடுபாதை மூணரைக் கிலோமீட்டர் கிடக்கு. நாப்பது மீட்டருக்காக எதுக்கு அதோட மல்லுக்கட்டணும்?"

"வியாழக்கிழமை பெட்டிக்குள்ள இறங்கணும்னு உத்தரவு," என்றாள் பி-யுன். "நீங்க மல்லுக்கட்ட மாட்டீங்க. பெங் கட்டுவான். உத்தரவுன்னா உத்தரவுதான் அவனுக்கு."

யென் கூண்டை விட்டு இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார். "பெங்கைக் கூப்பிடு."

யென் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் பெங் முதுகை நேராக்கிக்கொண்டு உட்கார்ந்தான். இருநூறு அடிக்கு இறங்கும் வரை கோடு பிசகவில்லை. நூறு அடியில் வீச்சு வந்தது. திருத்தினான். ஐம்பது அடியில் பெட்டியின் முன்விளிம்பு மூக்கின் கீழே நழுவப் பார்த்தது, அவன் தள்ளினான். மூக்கு தாமதமாகக் கவிழ்ந்தது. இழுத்தான். தாமதமாக எகிறியது. மறுபடி தள்ளினான். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாக. மூன்றாவது எகிறலில் வால் ஓடுபாதையில் உரசி, இறக்கை சாய்ந்து, திரை சிவந்து நின்றது. எல்லாம் சேர்ந்து ஆறு நொடி இருக்கும்.

கணினி அலமாரியின் தலையில், இயந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று எல்லோரும் வைப்பதுபோல வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தை வெங் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது தேதி போன மாசமே முடிஞ்சிருச்சுய்யா. அதான்." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பெங் கூண்டுக்குள்ளேயே எழுந்து நின்று குனிந்தான். "மன்னிச்சிருங்க சீனியர். என் தப்பு. இன்னொரு தடவை ஓட்டுறேன்."

"ஓட்டு," என்றார் யென்.

இரண்டாவது தடவை பெட்டிக்குள் இறங்கினான். ஆனால் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்றாவது தடவை மறுபடி சிவப்பு.

"என் தப்புதான், சீனியர். கை கொஞ்சம் முந்திக்கிச்சு."

பி-யுன் ஒரு வெற்றுத் தாளையும் பேனாவையும் கூண்டின் விளிம்பில் வைத்தாள். பெங் எழுதவில்லை. பேனாவை இரண்டு கையாலும் எடுத்து யென்னை நோக்கி நீட்டினான். "நீங்க முதல்ல எழுதுங்க சீனியர்."

யென் பேனாவை வாங்கினார். பி-யுன் அவர் விரல்களையே பார்த்தாள். இந்த மனிதர் இப்போது எந்த எண்ணை எழுதினாலும் அந்த எண்தான் நாளைக்கு எல்லோருடைய எண்ணும். இரண்டு சிவப்புத் திரையைப் பார்த்த பிறகும் பையன் அதையே எழுதுவான், வணங்கிவிட்டு எழுதுவான். பொய்யாக ஒரு பெரிய எண்ணைப் போடுங்கள் என்று இவரிடம் கேட்கவும் முடியாது. தான் ஓட்டியதற்குத்தான் இவர் எழுதுவார்.

யென் பேனாவைத் தாளின்மேல் திரும்ப வைத்தார்.

"எனக்கு ஒரு சிகரெட் பிடிக்கணும்."

"நீங்க விட்டு ஆறு வருஷமாச்சே," என்றார் வெங்.

"இன்னைக்குப் பிடிக்கிறேன். நீயும் வா."

"என்கிட்ட சிகரெட் இல்லையே."

"வான்னா வாய்யா!"

கனத்த கதவு அவர்களுக்குப் பின்னால் காற்றின் வேகத்தில் அறைந்து சாத்திக்கொண்டது.

பி-யுன் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாளில் எண்ணுக்கு முன் சில கேள்விகள் இருக்கும். அடியிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் முதல் கேள்வி: விமானம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா? ஆம் என்றால் மேலே போகலாம். இல்லை என்றால் அங்கேயே நின்று பத்து எழுத வேண்டும். இவ்வளவு வருடத்தில் அந்தக் கேள்வியில் யாரும் நின்று அவள் பார்த்ததில்லை. எல்லோரும் அதைப் படிக்காமலே தாண்டிப் போவார்கள்.

பின்னால் தாளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா."

"ம்."

"இதுல இல்லைன்னு போட்டா வியாழக்கிழமை?"

"பறக்காது."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாலு மாசம். கூடவும் ஆகலாம்."

"பெங்காலதான் நின்னுச்சுன்னு பேராகும்."

"ஆகும். லியாவாலயும்னு சேத்துச் சொல்லுவாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடியே உன் கோட்டைப் பாத்துட்டுச் சும்மா இருந்தேன் நான்."

அவள் திரும்பவில்லை. தாளில் பேனா உரசும் ஓசை கேட்டது, மிகச் சின்ன ஓசை. பிறகு பெங் சொன்னான்: "கேக்கவே இல்லை அக்கா. அந்த ஆறு நொடியும் அது என் பேச்சைக் கேக்கவே இல்லை."

யென் திரும்பி வந்தபோது அவரிடமிருந்து புகை வாசனை வரவில்லை. தலைமுடி மட்டும் ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. பெங்கின் தாளைக் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. தனக்கொரு தாளை எடுத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து, பெட்டியைத் தவறவிட்டதால் ஐந்து என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில், 'குறியை நான் துரத்தவில்லை. துரத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெங் ஷாவ்-ஷெங்கிடம் கேட்கவும்' என்று எழுதி, தன் முத்திரையை அழுத்தினார்.

திட்டத் தலைவர் ஹோ மூன்றரை மணிக்குத் தொலைபேசியில் வந்தார்.

"பத்தா? எவன் பத்து போட்டான்? மத்தவங்க மூணு போட்டிருக்காங்களே. சராசரி எடுத்தாக்கூட..."

"சராசரி வந்து விமானம் ஓட்டாது சார். பெங்தான் ஓட்டப்போறான்."

"அப்ப ஆளை மாத்து. யென்னை ஓட்டச் சொல்லு."

"அவர் ஓட்டினா பெட்டிக்குள்ள இறங்காது. அதையும் அவரே எழுதிக் குடுத்திருக்கார்."

"வியாழக்கிழமை மேலிடத்துலேர்ந்து பதினொரு பேர் வர்றாங்க, லியாவ். விருந்துக்குச் சொல்லியாச்சு."

"விருந்து நடக்கட்டும் சார்."

மறுமுனையில் நீண்ட மூச்சு. ஹோவும் களைத்த மனிதர்தான். "நாலு மாசமா?" என்றார்.

"வாலுக்கு வேகம் போதலைன்னா முதல் பங்கு கணினிக்கு, மிச்சம்தான் விமானிக்கு. அப்படி மாத்தி எழுதணும். எழுதிட்டு எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஓட்டணும்."

"எழுது," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மற்ற இரு விமானிகளும் தாங்களாகவே வந்தார்கள். தங்கள் பழைய தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். முடியாது, ஆனால் மறுபடி ஓட்டலாம் என்றாள் பி-யுன். ஒருவன் ஓட்டும்போது மற்றவனை வெளியே நிறுத்தினாள். கூண்டை விட்டு இறங்கும் முன் எழுத வைத்தாள். ஆளுக்கொரு பேனா. யென்னை மாடி ஓய்வறையை விட்டு இறங்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒழுங்காகக் கேள்விகளைப் படித்து, தாளைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில் ஐந்து. இன்னொன்றிலும் ஐந்து.

வெங் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சீனியர் அஞ்சு போட்டது நேத்து சாயங்காலமே சாப்பாட்டுக் கூடம் பூரா தெரிஞ்சு போச்சு," என்றார்.

கைப்பதிவுகள் அச்சாகி வந்தன. ஒருவனுடையது ஏழு என்றது. மற்றவனுடையது எட்டு என்றது, அதையும் தாண்டியிருக்கலாம். பி-யுன் இரண்டு தாளையும் ரம்பக் கோடுகளோடு சேர்த்துப் பின் குத்தினாள். விமானத்தைத் தரையில் நிறுத்தி வைக்கப் பெங்கின் ஒரு தாள் போதும்; இவை தேவையில்லை. தேவைப்படும் நாளில் மேசையில் அவரவர் எண் இருக்குமா, சீனியரின் எண்தான் இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாலின் கணக்கு இருந்த கோப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.